பன்னிரண்டாம் சுற்று

"நேற்று இரவு எங்கே தூங்கினீர்கள்?" படிவத்தில் இதுதான் முதல் கேள்வி. சொந்தமாய் ஒரு கதவும் தாழ்ப்பாளும் வைத்திருப்பவரிடம் காலங்கார்த்தாலே போய் இதைக் கேட்டால் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். சசிகலா இதையே ஆறு வருடமாக, ஆறு மாதத்துக்கு ஒரு தரம், எழுபது குடும்பங்களிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒருவரும் கோபித்துக்கொண்டதில்லை. அந்த எழுபது குடும்பமும் வீட்டைப் பறிகொடுத்தவை என்பதால்தான் அவள் தேடிப் போனதே.

எஸ்டேட்டுகள் கைமாறத் தொடங்கிய காலத்தில் ஆரம்பித்த கதை இது. காப்பித் தோட்டம் வைத்திருந்தவர்கள் விற்றார்கள். காட்டேஜ் கட்டுகிறவர்கள் வாங்கினார்கள். தோட்டத்துக்குள் வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் மூன்று தலைமுறையாக அடுப்பு மூட்டியவர்களுக்கு வேலையோடு வீடும் போயிற்று. அப்போதுதான் சென்னையிலிருந்து ஓர் ஆராய்ச்சி நிறுவனம் மலையேறி வந்தது. வீடு போன குடும்பங்களில் பாதிக்கு இரண்டு வருடம் வாடகை கொடுப்பார்களாம். மறு பாதிக்கு ஒன்றும் கிடையாது, வெறுமனே வந்து பார்ப்பார்களாம். ஆறு வருடம் கழித்து யார் எங்கே இருக்கிறார்கள் என்று கணக்கெடுப்பார்களாம். முதல் பாதிக்கு உதவிக் குழு என்று பெயர், இரண்டாவதற்கு ஒப்பீட்டுக் குழு.

கரடியூரில் பிறந்து, சேலத்தில் பட்டம் வாங்கி, வேலைக்கு அலைந்துகொண்டிருந்த சசிகலாவை மலை தெரிந்த பெண் என்று சேர்த்துக்கொண்டார்கள். அவளுக்கும் முதலில் அநியாயமாகத்தான் பட்டது. அவளுக்கு மேலே இருந்த பிரபாகர் சார் பொறுமையாக விளக்கினார். "எல்லாருக்கும் கொடுக்க நம்மகிட்ட இல்லை சசிகலா. கொடுத்தா என்ன ஆகுது, கொடுக்கலைன்னா என்ன ஆகுதுன்னு நாம நிரூபிச்சுக் காட்டினா அரசாங்கமே எல்லாருக்கும் கொடுக்கும். அதுவரைக்கும் குலுக்கிப் போடறதுதான் நியாயம்." நல்ல மனிதர். சொன்னதை நம்பித்தான் சொன்னார். அவளும் நம்பினாள்.

குலுக்கலில் சண்டை வந்துவிடக் கூடாதே என்று எல்லோரும் பயந்தபோது யோசனை சொன்னவள் சசிகலாதான். பெரியவர்கள் கை போட வேண்டாம், அந்தந்த வீட்டுக் குழந்தையே சீட்டு எடுக்கட்டும், குழந்தை கையில் வந்ததை யாரும் மறுத்துப் பேசமாட்டார்கள் என்றாள். அப்படியே நடந்தது. சமுதாயக் கூடத்தில் பிளாஸ்டிக் குடத்தை நடுவில் வைத்து, எழுபது குழந்தைகள் வரிசையாக வந்து எழுபது சீட்டு எடுத்தார்கள். ஒரு வார்த்தை எழவில்லை. உதவிச் சீட்டு கிடைக்காத குடும்பங்கள்கூடத் தலையை ஆட்டிவிட்டு அமைதியாகக் கலைந்து போயின. பிரபாகர் சார் அவளைத் தட்டிக்கொடுத்தார். சசிகலா அன்று முழுக்கத் தரையில் நடக்கவில்லை.

அன்று ஒப்பீட்டுக் குழுச் சீட்டை எடுத்தவர்களில் ஒன்பது வயது ஹரிணியும் ஒருத்தி. அருக்காணியின் மகள்.

இப்போது ஹரிணிக்குப் பதினைந்து. பத்தாம் வகுப்பு. மஞ்சக்குட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி, டேப்லெட்டை மாராப்புக்குள் மறைத்துக்கொண்டு சசிகலா நடந்தாள். மார்கழிப் பனி எதிரே வருகிறவர் முகத்தைக்கூட மறைத்தது. இது பன்னிரண்டாவது சுற்று. கடைசிச் சுற்று. அருக்காணி வீட்டோடு, வீடு என்று சொல்ல முடியாது, அருக்காணி இருக்கும் இடத்தோடு வேலை முடிந்தது.

அந்த இடம் பழைய பல்ப்பர் ஷெட். காப்பிப் பழத்தைத் தோல் உரிக்கும் இயந்திரம் இருந்த கொட்டகை. இயந்திரத்தைக் கழற்றி விற்றுவிட்டார்கள். சிமெண்டுத் தொட்டியும் தகரக் கூரையும் மிச்சம். அந்தத் தொட்டிக்குள் பாய் விரித்துத்தான் அருக்காணியும் ஹரிணியும் மூன்று வருடமாகப் படுக்கிறார்கள். தொட்டிச் சுவர் காற்றைத் தடுக்குமாம். அதற்கு முன்பு உறவுக்காரர் சமையல்கட்டு, அதற்கு முன்பு மிளகு காயவைக்கும் கொட்டகை, ஒரு மழைக்காலம் முழுக்கப் பஸ் நிழற்குடை. எல்லாம் சசிகலாவின் படிவங்களில் தேதியோடு இருக்கிறது.

ஷெட்டின் முன்னால் சாணி தெளித்து, கோலம் போட்டிருந்தது. அருக்காணி தலைக்குக் குளித்து, இருப்பதில் நல்ல சேலையைக் கட்டியிருந்தாள். அவள் பக்கத்தில் புதுக் கவுன் போட்ட ஒரு சின்னப் பெண், நாலு நாலரை வயது இருக்கும், இரண்டு கையையும் எதிலும் படாமல் தூக்கிப் பிடித்தபடி மரப்பெட்டி மேல் உட்கார்ந்திருந்தாள்.

"வாங்க அம்மணி, பனியில நடந்தே வந்துட்டீங்களா? காப்பித் தண்ணி வெக்கறேன், உக்காருங்க."

"இருக்கட்டும்க்கா. யாருக்கா இது, புதுசா?"

"எங்க அண்ணன் சித்தனோட பேத்தி, கவியா. கீழ வாழப்பாடியில இருந்து நேத்துத்தான் கூட்டியாந்தேன். கண்ணு, கையைக் கீழ வெச்சராத சாமி, இன்னும் கொஞ்ச நேரந்தான்."

சசிகலா சிரித்தாள். "ஏன்க்கா பாவம், கையில என்ன?"

"ஒண்ணுமில்லீங்க, சுத்தமா இருக்கோணுமில்ல? ஹரிணியே எடுக்கட்டும்னுதான் பாத்தேன். அவ இப்ப பெரிய மனுசி ஆயிட்டாளே, அவ எடுக்கக் கூடாதுங்க. அதான் இவளைக் கூட்டியாந்தேன். குடத்தை நீங்க கொண்டு வரலீங்களா? பொறகால ஜீப்புல வருதா?"

சசிகலாவுக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. அடுத்த கணம் எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கியிருக்கவே வேண்டாம் என்று இருந்தது.

கோயிலில் பூ கேட்பார்கள். கல்யாணமோ, கிணறு வெட்டுவதோ, எதுவானாலும் வெள்ளைப் பூவை ஒரு பொட்டலத்திலும் சிவப்புப் பூவை ஒரு பொட்டலத்திலும் மடித்துச் சாமி முன்னால் போட்டு, வயதுக்கு வராத சிறுமியை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு ஆயிற்று. சிவப்பு வந்தால் இல்லை என்று அர்த்தமில்லை. இப்போது இல்லை, பொறுத்திருந்து மறுபடி கேள் என்று அர்த்தம். மறுபடி கேட்கும்வரை அந்தக் காரியத்தில் வேறு வழி தேடக் கூடாது. தேடினால் கேட்டதையே அவமதித்ததாகும். சசிகலாவின் அக்கா கல்யாணமே இப்படி இரண்டு தரம் பூ கேட்டுத்தான் முடிந்தது. அதைப் பார்த்து வளர்ந்தவள்தான் குழந்தையை விட்டுச் சீட்டு எடுக்கலாம் என்று யோசனை சொன்னாள். சொன்னவளுக்கு உறைக்கவில்லை. கேட்டவர்களுக்கு அன்றைக்கே உறைத்துவிட்டது. அதனால்தான் அன்று கூடத்தில் ஒரு வார்த்தை எழவில்லை.

"அக்கா," என்றாள் சசிகலா. "மறுபடி எடுக்கறதுன்னு யாராச்சும் உங்ககிட்டச் சொன்னாங்களா?"

"சொல்லோணுமாங்க? ஆறு மாசத்துக்கு ஒருக்கா வந்து, எங்க தூங்கறே, என்ன திங்கறே, புள்ளை படிக்குதான்னு கேட்டுட்டே இருக்கீங்க. இடத்தை விட்டுப் போயிட்டாளா, பொறுமையா இருக்காளான்னு பாக்கத்தானே? போன வாரம் போன் பண்ணி நீங்களே சொன்னீங்களே. கடைசிச் சுத்து, நொம்ப முக்கியம், அதுவரைக்கும் எங்கயும் போயிராதீங்கக்கான்னு."

சொன்னாள். சத்தியமாகச் சொன்னாள். குடும்பங்கள் இடம் மாறித் தொலைந்து போய்விட்டால் ஆறு வருட உழைப்பும் பாழ் என்று பிரபாகர் சார் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். எழுபதில் ஒரு குடும்பத்தைக்கூடத் தொலைக்காதவள் என்று சசிகலாவுக்கு அலுவலகத்தில் நல்ல பெயர். அந்தப் பெயரைக் காப்பாற்றத்தான் எழுபது பேருக்கும் போன் போட்டு அதே வார்த்தையைச் சொன்னாள்.

"அன்னைக்குத்தாங்க ரைட்டர் விஜயகுமாரும் ஆள் அனுப்பியிருந்தாரு," என்றாள் அருக்காணி, அடுப்பை ஊதிக்கொண்டே. "கரடியூர் ரோட்டுல அவங்க எஸ்டேட்டுல ஒரு லைன் ஊடு காலியா இருக்குதாம். ரெண்டு ரூம்பு, கரண்டு இருக்குது. வேலையும் நிரந்தரம், ஊடும் நிரந்தரம், வர்றியான்னு கேட்டாரு. நல்ல வேளை, நான் மாட்டேன்னுட்டேன். மூணு வருசத்துக்கு முன்னாலயும் கேட்டாரு. அப்பவும் மாட்டேன்னுதான் சொன்னேன். அதுக்குத்தான் ஹரிணி அப்பனுக்குக் கோவம். நீ உன் பூவை வெச்சுட்டுக் கெடன்னுட்டு அவரு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போயிட்டாரு. வெள்ளைப் பூ வந்ததும் தானா வருவாருங்க."

ஹரிணியின் அப்பா அன்பழகன் ஏன் திருப்பூர் போனான் என்று ஏழாம் சுற்றில் கேட்டிருந்தாள். 'வேலை நிமித்தம்' என்ற கட்டத்தில் குறி போட்டிருந்தாள். சுலபமாக இருந்தது.

"ஒரு நிமிஷம்க்கா," என்று சசிகலா வெளியே ஓடினாள். ரைட்டர் விஜயகுமாரின் நம்பர் அவளிடம் இருந்தது. மலையில் எஸ்டேட் கணக்கு பார்க்கும் எல்லா ரைட்டர்களின் நம்பரும் அவளிடம் இருந்தது.

"அருக்காணிக்குச் சொன்ன ஊடா? அது போயிருச்சுங்களே," என்றார் விஜயகுமார். "ஒடிசாவுல இருந்து ஒரு குடும்பம் வந்து திங்கக்கிழமையே சாமான் எறக்கிட்டாங்க. பழம் செவந்து கொட்டுது, எனக்கு ஆள் வேணுமில்லீங்க? ரெண்டு தடவை கேட்டேன். அந்தம்மா என்னமோ பெருசா வரப்போற மாதிரி வேண்டாம்னுச்சு. எனக்கும் சங்கடந்தாங்க. இனி ஊடு ஒண்ணும் காலி இல்லை."

"எப்பவாச்சும் காலியானா?"

"அந்த லைன் ஊடுகளையும் எத்தனை நாளைக்கு வெச்சிருப்பாங்கன்னு எனக்கே தெரியாதுங்க."

அடுத்து பிரபாகர் சாருக்குப் போட்டாள். நடந்ததைச் சொன்னாள். சொல்லும்போதே இன்னொன்று நினைவுக்கு வந்தது. போன வாரம் ஒப்பீட்டுக் குழுவில் இருந்த கமலா வீட்டுக்குப் போனபோது அங்கேயும் ஒரு சின்னப் பெண் புதுச்சட்டை போட்டு உட்கார்ந்திருந்தாள். யாரோ விருந்தாளிக் குழந்தை என்று நினைத்து மிட்டாய் கொடுத்துவிட்டு வந்தாள். கிளம்பும்போது கமலா வாசல்வரை வந்து, "அவ்வளவுதானுங்களா?" என்று கேட்டாள். அவ்வளவுதான் என்று இவளும் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு வந்தாள்.

அதையும் பிரபாகர் சாரிடம் சொன்னாள். "எத்தனை குடும்பம் சசிகலா?"

"தெரியலை சார். கேட்கணும்னே தோணலை. அந்தக் கேள்வி நம்ம படிவத்துல இல்லை."

"உதவி கிடைச்சவங்க நிலைச்சுட்டாங்க, கிடைக்காதவங்க அப்படியே நின்னுட்டாங்கன்னுதான் நம்ம முடிவே வந்திருக்கு." அவர் குரல் இறங்கியது. "அவங்க நம்மாலதான் நின்னாங்களா?"

"சார், இவங்களுக்கு மட்டுமாவது ஏதாவது பண்ண முடியுமா?"

"பணம் போன மார்ச்சோட முடிஞ்சுடுச்சும்மா. நிதி குடுத்தவங்க அடுத்த மாசம் கணக்கை மூடறாங்க. எனக்கே ஒண்ணும் ஓடலை. நான் யோசிச்சுச் சொல்றேன். நீங்க படிவத்தை முதல்ல முடிச்சுடுங்க. உண்மையைச் சொல்லிட்டுக் கேட்டா பதில் எல்லாம் மாறிப்போயிடும்."

அவர் யோசித்துச் சொல்லப் போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். சொல்ல அவரிடமும் ஒன்றும் இல்லை. ஆத்திரம் வந்தது. யார்மேல் என்று தேடினால் சுற்றிச் சுற்றித் தன்மேலேயே வந்து நின்றது. அந்தக் கேடுகெட்ட யோசனையை யாரம்மா சொல்லச் சொன்னது உன்னை, குழந்தையைக் கூப்பிடு என்று?

உள்ளே போய்ப் படிவத்தைத் திறந்தாள். கோழைத்தனம்தான். உண்மையை இன்னும் அரைமணி நேரம் தள்ளிப்போட அவளுக்கு ஒரு சாக்கு கிடைத்தது, பிடித்துக்கொண்டாள். நேற்று இரவு எங்கே தூங்கினீர்கள்? தொட்டிக்குள்ள. எத்தனை பேர்? இந்தக் குட்டியோட மூணு பேருங்க. கழிப்பிடம்? காட்டுலதான். மகள் பள்ளி போகிறாளா? நேத்தெல்லாம் டெஸ்ட்டுங்க. அருக்காணி ஒவ்வொரு பதிலையும் தேர்வு எழுதுகிற பிள்ளைபோலக் கவனமாகச் சொன்னாள். கவியா கையை மடியில் வைக்கப் போக, அதட்டி மறுபடி தூக்க வைத்தாள். ஹரிணி மட்டும் கொட்டகை மூலையில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, ஒரு பக்கமும் புரட்டாமல் சசிகலாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசிக் கேள்வி: "அடுத்த ஆறு மாதத்தில் நீங்கள் எங்கே குடியிருப்பீர்கள் என்று நினைக்கிறீர்கள்?"

"அதைய நீங்கதான் சொல்லோணும்," என்று அருக்காணி வெட்கத்தோடு சிரித்தாள். "பஸ் ஸ்டாப்புக்குப் பக்கமா கெடைச்சா ஹரிணிக்கு நல்லதுங்க. இந்த ஷெட்டும் தை முடிஞ்சா இடிக்கறாங்களாமே. சரியான நேரத்துக்குத்தான் வந்திருக்கீங்க."

சசிகலா டேப்லெட்டை மூடி வைத்தாள். அருக்காணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். விறகுப்புகை வாசம் அடித்த கை.

"அக்கா, நான் சொல்றதைக் கேளுங்க. குடம் வரலை. மறுபடி சீட்டு எடுக்கறது கெடையாது. அன்னைக்கு எடுத்ததோட முடிஞ்சுது. நாங்க வந்தது பாத்து எழுதிட்டுப் போகத்தான். இதுல உங்களுக்கு ஊடு எப்பவுமே வர்றதா இல்லை. நான் அன்னைக்கே தெளிவாச் சொல்லியிருக்கோணும். தப்பு என்னோடதுக்கா."

அழுவாள் என்று எதிர்பார்த்தாள். மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தாள். தூற்றினால் நிம்மதியாகக்கூட இருந்திருக்கும். அருக்காணி அவள் கையை மெல்லத் தட்டிக்கொடுத்தாள்.

"உங்களுக்கு மேல இருக்கறவங்க உங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லுவாங்களா அம்மணி? நீங்க பாவம், சொன்ன வேலையைச் செய்யறவங்க."

"இல்லைக்கா, எனக்குத் தெரியும். இப்பத்தான் பெரியவர்கிட்டப் பேசிட்டு வர்றேன்."

"வெளிய சொல்லக் கூடாதுன்னு இருக்கும். ஆறு வருசம், ஒருத்தி மழையின்னு பாக்காம, பனியின்னு பாக்காம, நான் இருக்கற எடமெல்லாம் தேடிப் புடிச்சு வந்து, எங்க படுத்தே, என்ன தின்னேன்னு கேட்டு எழுதிட்டு, சும்மா போவாங்களா? ஊடு இல்லாதவ எப்படி இருக்கறான்னு வேடிக்கை பாக்கறதுக்கா வருவாங்க? அப்படி யாராச்சும் செய்வாங்களா? மனுசங்க செய்யமாட்டாங்க அம்மணி."

சசிகலா வாயைத் திறந்தாள். செய்தோம் அக்கா, அதைத்தான் செய்தோம் என்று சொல்ல வேண்டும். அதற்குள் அருக்காணி அடுப்பிலிருந்து காப்பித் தண்ணியை இறக்கினாள்.

"இன்னைக்கு நாள் சரியில்லை போல. பரவால்லீங்க, இன்னொரு நாள் கொண்டு வாங்க. கவியாவைத் தை வரைக்கும் இங்கயே வெச்சுக்கறேன். ஷெட்டை இடிச்சாலும் நான் அந்தச் செவுத்தோரமாவே சாக்கைக் கட்டிட்டு இருப்பேன். நீங்க தேடி வர்ற நேரத்துல ஆளைக் காணோம்னு ஆயிரக் கூடாது. எழுதிக்கங்க, அருக்காணி எங்கயும் போகலைன்னு."

காப்பித் தண்ணியைக் குடித்துவிட்டுத்தான் விட்டாள். கவியாவைப் பார்த்து, "போதும் சாமி, கையைக் கீழ போடு," என்று சொன்னபோதும் அவள் குரலில் ஒரு துளி ஏமாற்றமும் இல்லை.

ஹரிணி பஸ் ஸ்டாப் வரை கூட வந்தாள். கையில் அதே புத்தகம்.

"எனக்குத் தெரியும் மிஸ். எட்டாவது படிக்கறப்பவே நீங்க முதல்ல அம்மாகிட்டக் கையெழுத்து வாங்கிட்டுக் குடுத்த பேப்பரைப் படிச்சுப் பாத்தேன். ஒரே தடவைதான்னு அதுல போட்டிருக்குது."

"அம்மாகிட்டச் சொல்லலையா கண்ணு?"

"ரெண்டு வருசமாச் சொல்றேன். எடுத்தது நீதானே, அந்தச் சங்கடத்துல பேசறேங்குது. அவங்க வராம இருந்தாத்தான் பொய்யி, வந்துட்டுத்தானே இருக்காங்கங்குது. நீங்க உங்க வாயால சொன்னா நம்பும்னு நெனச்சேன். இன்னைக்கு வரைக்கும் அதுக்குத்தான் காத்துட்டு இருந்தேன்." அவள் புத்தகத்தின் முனையை மடித்து மடித்து நிமிர்த்தினாள். "இனி நீங்க வரமாட்டீங்கதானே மிஸ்?"

"இல்லை கண்ணு. இதோட முடிஞ்சுது."

"அப்படின்னா அடுத்த ஆறு மாசம் ஆகி, நீங்க வரலைன்னாத்தான் அம்மாவுக்குப் புரியும்." ஹரிணி விரலில் மாதங்களை எண்ணினாள். தை, மாசி, பங்குனி. ஆனிக்கு வந்ததும் நிறுத்தினாள். "அதுக்கப்புறம் ரைட்டர்கிட்டக் கேட்டா ஊடு இருக்குமா மிஸ்?"

சசிகலாவுக்குப் பதில் தெரியும். வளைவில் பஸ்ஸின் விளக்கு தெரிந்தது. அந்தப் பனியில் டிரைவருக்கு ஆள் நிற்பது தெரியாமல் போய்விடும் என்று, ஹரிணி ரோட்டுக்குள் இரண்டு எட்டு இறங்கிக் கையைக் காட்டி அவளுக்காகப் பஸ்ஸை நிறுத்தினாள்.